வாங்கிய கை கொடுக்கும் கையாக

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டமொன்றில் நாம் உதவிப் பொருட்களின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தோம். மண்வெட்டி, வாளி, தகரம், விதைப் பொதி என்று பட்டியல் நீண்டது. பின்வரிசையில் இருந்த வயதான தாய் ஒருவர் எழுந்து நின்றார். "எல்லாம் குடுக்கிறீங்க ஐயா, நல்லதுதான். ஆனா வீட்டுக்கு யாரு வந்தாலும் ஒரு வாழைக்குட்டியாவது குடுத்து அனுப்புன ஆளுங்க நாங்க. இப்ப எங்ககிட்ட குடுக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

பட்டியலில் அதற்குப் பதில் இருக்கவில்லை. வீடு போனால் வீடு கட்டிக் கொடுக்கலாம். கொடுக்கும் பழக்கம் போனால் எதனால் ஈடு செய்வது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் கலகெதரப் பக்கத்துத் தோட்டங்களை இம்முறை பார்த்தோம்.

கலகெதரவின் பாடம்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் செல்லும் வீதியில் இருக்கிறது கலகெதர. மலைநாடு இறங்கித் தாழ்நிலத்தைத் தொடும் இடம். கண்டி இராச்சியத்தின் காலத்தில் தலைநகருக்கு ஏறும் கணவாய்களில் ஒன்று இங்கே இருந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராக வாழும் ஊர்ப்பக்கம் இது.

வீதியை விட்டு ஒழுங்கையில் இறங்கினால் வீடும் தோட்டமும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்து நிற்கின்றன. மேலே தென்னை, பலா, கித்துள், கமுகு. அதற்குக் கீழே ஈரப்பலா, கராம்பு, சாதிக்காய். பலாவிலும் கிளிரிசிடியா மரத்திலும் மிளகுக் கொடி. அதன் நிழலில் கோப்பியும் வாழையும். அடியில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, வல்லாரை. ஒரு பயிர் தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். அடுக்கடுக்கான இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிப்பதால் சரிவு நிலத்தின் மண் கரையாமல் நிற்கிறது. இவற்றைக் "கண்டி வனத் தோட்டங்கள்" என்று விவசாய ஆய்வாளர்கள் பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

இத்தகைய தோட்டத்தை எவரும் ஒரே நாளில் கடையில் வாங்கி வைப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்தக் கராம்பு சின்னம்மா வீட்டுக் கன்று, அந்த மிளகு அயலவர் வெட்டித் தந்த கொடி, இந்த இஞ்சி கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். ஆகவே தோட்டம் என்பது பல வீடுகளின் கொடை ஓரிடத்தில் வேர் விட்டு நிற்பதுதான். பதிவும் முத்திரையும் இல்லாத தோட்டக்கலைச் சங்கம் ஒன்று ஊர் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

சங்கங்களின் கதை

பெயரும் பதிவும் உள்ள சங்கங்களுக்கும் நமது பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியாக இருந்து மிஷனரியாக வங்காளத்துக்கு வந்தவர் வில்லியம் கேரி. அவரது முயற்சியால் 1820 இல் கல்கத்தாவில் இந்திய விவசாய, தோட்டக்கலைச் சங்கம் உருவானது. நல்ல விதையும் நல்ல கன்றும் குடியானவரின் கைக்குப் போக வேண்டும் என்பது அவரது எண்ணம். மூன்று ஆண்டுகளின் பின், 1823 இல், பெருவெள்ளம் வந்து செராம்பூரில் அவர் பல ஆண்டுகளாக வளர்த்த தோட்டத்தை அழித்தது. அவர் மீண்டும் நட்டார். தோட்டம் இழந்த துயரத்தைச் சங்கத்தை அமைத்தவரே அறிந்திருந்தார் என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இலங்கையில் 1904 இல் ஆளுநர் சேர் ஹென்றி பிளேக்கின் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் அமைக்கப்பட்டது. ஊர்களில் கிளைகள், விளைபொருட் கண்காட்சிகள், விதை விநியோகம், செய்கை முறைகளை விளக்கும் பேச்சுக்கள் என்று அது இயங்கியது. பாடசாலைத் தோட்டங்களும் அக்காலத்தில் பரவின. 1912 இல் விவசாயத் திணைக்களம் பேராதனையில் உருவானது. அன்றைய சங்கத்தின் தலைமையில் அதிகாரிகளும் நிலமுள்ள பெரியவர்களும் தோட்டத் துரைமாருமே அமர்ந்திருந்தார்கள். லயத்தில் வாழ்ந்தவருக்கு அங்கே நாற்காலி இருக்கவில்லை. ஆயினும் கன்றைக் கையில் வைத்துப் பேசுவது, பேச்சு முடிந்ததும் விதையைப் பகிர்வது என்ற முறை நமக்கும் பயன்படும்.

அரசாங்கப் பதவி இல்லாத ஒருவரும் இதே வேலையைச் செய்தார். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறை வைக்கப்பட்டவர். விடுதலையானபின், முதலாம் உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டைக் கண்ட அவர், நாடெங்கும் பலா நடும்படி மக்களைத் தூண்டினார். சிங்கள மக்கள் அவரை அன்போடு "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். பஞ்ச காலத்தில் ஒரு குடும்பத்தின் பசியைப் பலாமரம் தாங்கும் என்பது மலைநாட்டார் யாவரும் அறிந்ததே. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. அந்த அளவுக்கு நாடு அம்மரங்களை மதிக்கிறது.

ஏழு பேர்ச்சஸில் என்ன செய்யலாம்?

"கலகெதரக்காரருக்குக் காணி இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1977 லும் 1983 லும் கலவரங்களால் மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்ற குடும்பங்கள் போரினால் மறுபடியும் பெயர்ந்தன. 1980களில் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களுக்காகக் கண்டிப் பக்கத்துக் கிராமங்கள் பல நீரில் மூழ்கின. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தவிலும், 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் மலை சரிந்து வீடுகளையும் தோட்டங்களையும் மூடியது. காரணம் வேறு வேறு. தாயும் தகப்பனும் நட்ட மரத்தை விட்டு வந்த துயரம் எல்லோருக்கும் ஒன்றே.

மலையகப் புதிய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி என்றால் பாதைக்கும் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் விட்டபின் சுமார் 1,000 சதுர அடியாவது மிஞ்சும். ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, வேலியில் நாலு கிளிரிசிடியாத் தடி, அவற்றில் மிளகோ கொடித்தோடையோ, நிழலில் இஞ்சி, சமையலறை நீர் போகும் இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம்.

காணிக்கு உறுதி கிடைக்காதவர்களின் நிலை இன்னும் கடினம். பிறர் நிலத்தில் பலா நட்டால் அதுவே வழக்காகலாம் என்ற பயம் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது, பையில் நடுங்கள் என்பதே. பழைய உரப்பையில் மரவள்ளியும் இஞ்சியும் நன்றாக வரும். கறுப்புப் பொலித்தீன் பையில் வளர்க்கும் கன்றுகளை நாளை வேறிடம் போக நேர்ந்தாலும் தூக்கிச் செல்லலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நிலமில்லாதவரும் நாற்றுமேடை வைக்கலாம்.

வடக்கில் குடியேறியவர்கள் கலகெதரத் தோட்டத்தை அப்படியே பெயர்த்து வைக்க முயல வேண்டாம். அங்கே மாரி மழை சில மாதங்களே. கராம்பும் சாதிக்காயும் அந்த வெயிலைத் தாங்கா. முருங்கை, மாதுளை, எலுமிச்சை, மா, வேம்பு, பனை ஆகியவற்றைக் கொண்டு அடுக்குகளை அமையுங்கள். எடுத்துச் செல்ல வேண்டியது அடுக்கு முறையும் கொடுக்கும் பழக்கமும்தான்.

சங்கத்தை நடத்தும் விதம்

பத்து வீடுகள் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். மாதம் ஒருமுறை, ஒரு மர நிழலில், ஒரு மணி நேரம் கூடினால் போதும். எமது அனுபவத்தில் கண்ட சில முறைகளைச் சொல்கிறோம்.

ஒரு பேச்சுக்கு ஒரு பயிர் மட்டும். மிளகு என்றால் மிளகுக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். நிலத்தில் ஓடும் கொடியில் மூன்று கணு உள்ள துண்டை எப்படி வெட்டுவது, மேல்மண், மணல், மாட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம அளவில் எப்படிக் கலப்பது, நிழலில் ஈரம் குறையாமல் எப்படி மூடி வைப்பது என்பதை எல்லோரும் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடித்துத் தளிர் விடும்.

வெறுங்கையோடு எவரும் வரக்கூடாது, வெறுங்கையோடு எவரும் போகவும் கூடாது. கன்று இல்லாதவர் ஒரு பிடி விதை கொண்டுவரலாம். அதுவும் இல்லாதவர் ஒரு பை சாணம் கொண்டுவரலாம். பழைய கிழங்கு ஒன்றை அவித்துத் தின்னும் முறையைத் தெரிந்த பாட்டி அந்த அறிவைக் கொண்டுவரலாம். சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும் பிடியரிசிச் சேமிப்பை எமது பெண்கள் நன்கு அறிவார்கள். விதைக்கும் அதே முறைதான்.

ஒன்று வாங்கியவர் அடுத்த பருவத்தில் இரண்டு கொடுக்க வேண்டும். தந்தவருக்கே திருப்பிக் கொடுத்தால் அது கடனாகிவிடும். புதிதாக வந்த வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தால்தான் கொடை ஊருக்குள் ஓடும். யார், எதை, எந்த மாதம் வாங்கினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதுகிற பொறுப்பை ஓர் இளம் பிள்ளையிடம் கொடுங்கள்.

அறுவடையில் ஒரு பங்கு பொதுவுக்கு. ஊரில் மரண உதவிச் சங்கம் இருப்பது போல, நோயாளி இருக்கும் வீட்டுக்கும் தனியாக வாழும் முதியவருக்கும் வாரம் ஒரு கட்டுக் கீரை போகட்டும். பணமாகக் கொடுக்க முடியாதவர் கீரையாகக் கொடுக்க முடியும்.

அறிந்தவர்களை அழையுங்கள். கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை அழைக்கலாம். மிளகு, கராம்பு போன்றவற்றுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரை அழைக்கலாம். அயலில் உள்ள சிங்கள, முஸ்லிம் கமக்காரரையும் அழையுங்கள். மொழி சற்றுத் தடுக்கினாலும் வெட்டிக் காட்டும் கொடி எல்லோருக்கும் விளங்கும். உங்களைப் புதியவராகப் பார்த்த அயலவர், உங்கள் கையால் ஒரு கன்றை வாங்கிய நாளிலிருந்து வேறு விதமாகப் பார்ப்பார்.

நோயைக் கொடுக்கக் கூடாது

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கன்றோடு நோயும் போகும். 1869 இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை ஒழித்தது. அந்தத் தோட்டங்களில் கூலிக்கு இருந்த எமது முன்னோரும் அதனால் நலிந்தார்கள்.

வாழையில் இலைகள் சிறுத்து, குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றால் அது குருத்துக் கொத்து நோய். அந்தப் புதரிலிருந்து ஒரு குட்டியும் கொடுக்க வேண்டாம். அசுவினி பிற மரங்களுக்கும் பரப்பிவிடும், ஆகவே புதரை அடியோடு தோண்டி அழித்துவிடுங்கள். இலை மஞ்சள் படிந்து சுருங்கிய மிளகுக் கொடியில் துண்டு வெட்ட வேண்டாம். அழுகல் உள்ள இஞ்சியை விதைக்கு வைக்க வேண்டாம். கழித்ததைக் கொடுப்பது கொடையாகாது. தோட்டத்தில் எது மிக நன்றாக வந்ததோ அதிலிருந்தே கொடுக்க வேண்டும்.

முதற் கூட்டம்

உதவி பெறுவது இழிவல்ல. வெள்ளமும் போரும் மண்சரிவும் வந்தபோது பிறர் கை நீட்டியதால்தான் நம்மில் பலர் இன்று இருக்கிறோம். ஆனால் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டே இருப்பவர், தம்மிடம் எதுவும் இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். பிள்ளைகளும் அதையே கற்கின்றன. அந்தத் தாய் கேட்ட கேள்வியின் பாரம் இதுவே.

அவருக்கு நாம் அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்கிறோம். அம்மா, உங்களிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. வாழைக்குட்டியை எந்தப் பக்கமாகப் பிரித்தால் தாய்மரம் வாடாது என்பது உங்களுக்குத் தெரியும். கிழங்கை எந்த மாதம் தோண்டுவது, விதையை எதில் கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிடுவது என்பது தெரியும். விதைப் பொதியோடு இந்த அறிவு வருவதில்லை. முதற் கூட்டத்தின் முதற் பேச்சை நீங்களே பேசுங்கள். நாங்கள் சாணப் பையோடு வந்து முன்வரிசையில் இருந்து கேட்கிறோம்.