வழியனுப்பினோம்; வரவேற்றோமா?

அயல்நாட்டில் தொண்டாற்றச் செல்வோரை வழியனுப்ப நாம் நன்கு அறிவோம். தடுப்பூசி போட்டாயிற்றா, கடவுச்சீட்டு பத்திரமா, பெட்டியில் ஊறுகாய் வைத்தாயிற்றா என்று வீடே பரபரக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை தன் தன்னார்வத் தொண்டர் திட்டத்தை 1970-இல் உருவாக்கியது. 1985-இல், டிசம்பர் 5-ஆம் நாளை உலகத் தொண்டர் நாளாகக் குறித்தது. புறப்பட்டுச் செல்வோரைப் போற்றும் வழக்கம் அன்றிலிருந்து இன்னும் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அவர்கள் திரும்பி வரும்போது, ஒரு மாலையும் ஒரு விருந்துமாக நம் கடமையை முடித்துக்கொள்கிறோம். அவ்வாறு முடித்துக்கொண்டதன் விளைவை எங்கள் இல்லத்திலேயே கண்டோம். பிறர்க்கும் பயன்படும் என்று கருதி அதை இங்கு எழுதுகிறோம்.

எங்கள் மகள் செவிலியர். உகாண்டா நாட்டின் வடமேற்கே, யூம்பே மாவட்டத்தில் உள்ள பிடிபிடி அகதிகள் குடியிருப்பில் ஆறு மாதம் தொண்டாற்றினாள். தென் சூடானில் 2016-இல் மீண்டும் மூண்ட போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்காக அவ்வாண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. சில மாதங்களுக்குள்ளாகவே அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

அவள் திரும்பிய நாள் எங்களுக்குத் திருநாளாயிற்று. பிரியாணி, வறுவல், பாயசம் என்று மூன்று நாள் விருந்து ஓயவில்லை. உறவினர் வருகையும் ஓயவில்லை. மூன்றாம் நாள் இரவு, மலேரியாத் தடுப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, இதை இன்னும் நான்கு வாரம் விடாமல் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்” என்றாள். “அந்த ஊர்க் கொசு இங்கே வரப்போகிறதா? வயிற்றைத்தான் புண்ணாக்குகிறது, விட்டுவிடு மகளே” என்றோம் நாங்கள். பிறருக்கெல்லாம் மருந்து கொடுத்த பெண், பெற்றோர் சொல்லுக்காகத் தன் மருந்தை நிறுத்தினாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. அலைச்சல் என்றோம், மிளகுக் கஷாயம் கொடுத்தோம். மறுநாள் குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. மருத்துவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “அண்மையில் எங்கே போய் வந்தாய் அம்மா?” விடையைக் கேட்டதும் உடனே இரத்தச் சோதனைக்கு அனுப்பினார். பால்சிபாரம் வகை மலேரியா. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறோம்.

மாத்திரையின் நான்கு வாரம்

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். கொசு கடித்தவுடன் மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. சில நாள் கழித்தே இரத்தத்தில் இறங்குகிறது. எங்கள் மகள் உட்கொண்ட டாக்சிசைக்ளின் மாத்திரை, இரத்தத்துக்கு வந்த கிருமியை அழிப்பது. புறப்படும் நாளில் கடித்த கொசுவின் கிருமி, வீடு வந்து பல நாள் ஆன பின்னும் இரத்தத்தில் இறங்கலாம். அதனால்தான் நான்கு வாரக் கணக்கு. சில மாத்திரைகளுக்கு ஒரு வாரம் போதும். எதற்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வைவாக்ஸ், ஓவேல் என்னும் வகைகள் கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்கள் சென்ற பின்னும் தலைகாட்டக் கூடியவை. ஆகையால் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், முக்கியமாக முதல் மூன்று மாதத்துக்குள் கண்டால், அன்றே இரத்தச் சோதனை செய்தல் வேண்டும். “இன்ன நாட்டிலிருந்து வந்தேன்” என்பதை மருத்துவரிடம் கேளாமலே சொல்லிவிட வேண்டும்.

விக்டோரியா ஏரியிலோ நைல் ஆற்றிலோ குளித்தவர்கள் மற்றொன்றையும் மறக்கலாகாது. அந்நீரில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். நோய்க்குறி ஏதும் இல்லாவிடினும், திரும்பி வந்த இரண்டு மூன்று மாதத்தில் சோதித்துக்கொள்வது நலம்.

உறக்கமும் உணவும்

காய்ச்சல் தணிந்த பின்புதான், எங்கள் விருந்தோம்பலால் அவளுடைய நாளொழுங்கு எவ்வளவு குலைந்திருந்தது என்று உணர்ந்தோம். உகாண்டாவின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே ஏழரைதான். மேற்கிலிருந்து கிழக்கே வருவோர்க்கு உறக்கம் இசைவது சற்றுக் கடினம். நேர வேறுபாட்டில் மணிக்கு ஒருநாள் என்று பொதுவாகக் கணக்கிடுவர். இரண்டு மூன்று நாளில் சரியாகியிருக்க வேண்டிய உறக்கத்தை, நள்ளிரவு வரை கதை கேட்டு நாங்களே கெடுத்தோம். பின்னர், எப்போது உறங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுவது, எழுந்ததும் முற்றத்து வெயிலில் சிறிது நேரம் நிற்பது, பிற்பகலுக்கு மேல் காப்பியைத் தவிர்ப்பது என்று ஒழுங்கு செய்தோம். ஒரு வாரத்தில் இரவு உறக்கம் திரும்பியது.

உணவும் அவ்வாறே. அங்கே அவள் நாள்தோறும் உண்டது சோளமாவைக் கிளறிய போஷோவும் அவித்த பயறும். ஆறு மாதம் அதற்குப் பழகிய வயிற்றின்மேல் எண்ணெயையும் நெய்யையும் கொட்டினோம். பிறகு கஞ்சி, இட்லி, மோர், கீரை என்று எளிய உணவுக்கு மாறினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்டோம். வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மலச்சோதனை வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டோம். உடல் தேறியதும் மாலையில் பத்து நிமிட நடை, பிறகு இருபது, பிறகு முப்பது. மருத்துவர் அனுமதித்த அளவே நடந்தாள்.

பின்தங்கி வரும் உள்ளம்

உடல் விமானத்தில் வந்துவிடுகிறது. உள்ளம் நடந்து வருகிறது. ஒருநாள் கொல்லையில் குழாய் திறந்தபடி ஓடியதைக் கண்டு அவள் கடுஞ்சினம் கொண்டாள். அடுத்த கணமே அழுதாள். மஞ்சள் நிறக் கேன்களுடன் தண்ணீருக்காக வரிசையில் காத்து நின்ற பெண்களை ஆறு மாதம் பார்த்த கண்கள் அல்லவா அவை!

இதுவும் அறிஞர்கள் ஆராய்ந்த நிலைதான். அயல்நாடு செல்வோரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று நார்வே நாட்டு அறிஞர் லிஸ்கார்டு 1955-இல் எழுதினார். சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னும் அதே தாழ்வும் உயர்வும் மறுபடி நிகழ்கின்றன என்று அமெரிக்கரான குல்லஹார்ன் தம்பதியர் 1963-இல் எடுத்துரைத்தனர். அயலூரில் அந்நியராக இருப்பதை எவரும் எதிர்பார்க்கிறார்கள். சொந்த வீட்டில் அந்நியராக உணர்வதை ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே இந்த இரண்டாம் தாழ்வு அதிகம் வலிக்கிறது.

“ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?” என்று கேட்டவர் பலர்; விடை முடியும்வரை இருந்தவர் சிலரே. வந்த முதல் ஞாயிறன்றே பங்குக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். அவளும் மறுக்கத் தெரியாமல் பேசிவிட்டு, அன்றிரவு உறங்கவில்லை. மாதம் ஒன்று கழித்துப் பேசச் சொல்லியிருக்கலாம். அவளைத் தேற்றியவை சிறிய செயல்கள்: மாலை நடையில் தடுக்காமல் கேட்ட ஒரு செவி, இரவில் நான்கு வரி எழுதிய ஒரு குறிப்பேடு, உடன் பணியாற்றிய தோழிகளுடன் வாரம் ஒருமுறை பேச்சு. மூன்றாம் மாதத்தில் அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு ஒரு மாலை உதவத் தொடங்கினாள். அதன்பிறகே அவள் முகத்தில் பழைய தெளிவைக் கண்டோம். தீக்கனவுகளும் உறக்கமின்மையும் எதிலும் பற்றில்லாத நிலையும் பல வாரங்கள் நீடித்தால், மனநல மருத்துவரை நாடத் தயங்கலாகாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

அண்மையில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆப்பிரிக்கத் தொண்டு முடித்துத் திரும்பினார். நாங்கள் அவரைக் காணச் சென்றோம். கையில் இனிப்புப் பெட்டி இல்லை; மாத நாட்காட்டி ஒன்று இருந்தது. அதில் இருபத்தெட்டு நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தோம். “மாத்திரையை நிறுத்திவிடவில்லையே, தம்பி?” என்று முதலில் கேட்டோம். அவருடைய தாயார் எங்களை வியப்புடன் பார்த்தார். பிறகு நாட்காட்டியை வாங்கி அடுப்படிச் சுவரில் மாட்டினார். நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்க அமர்ந்தோம்.