கவ்வாத்து மலையில் விழும் கடல்

கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலை மலைக்கு டொலமைட் வீசுகிறார்கள். மொட்டைக் கிளைகளிலும் வீசுகிறவர்களின் கைகளிலும் புருவங்களிலும் வெள்ளைத் தூள் படிகிறது. வருடக்கணக்காக உரம் போட்டுப் புளித்துப்போன மண்ணை ஆற்றும் மருந்து அது. அந்தத் தூளாக அரைபடும் கல் இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடைப் பக்கம் கிடைக்கிறது. அரைபடாத துண்டொன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வழவழப்பாக உடைந்த முகங்கள் பளிச்சிடும். இடையிடையே தேன் நிற மைக்காச் செதில்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீலம் பாய்ந்த ஸ்பினல் துணுக்கும் தென்படும்.

இந்தக் கல் முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு.

பவளம் என்ற உயிரே அப்போது பிறந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்ந்த ஆழமில்லாத கடல்களில் அந்தச் சுண்ணாம்பு படிந்தது. பிறகு, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது அது பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, வெந்து, பளிங்காக மாறியது. அந்த வேக்காட்டில் பழைய அடுக்குகளின் உருவம் அழிந்துவிட்டது.

ஆனால் கடலடியில் சுண்ணாம்பு சேர்க்கும் வேலையைப் படைத்தவன் நிறுத்தவில்லை. நமக்கு மேற்கே மாலைதீவில் அது இன்றும் நடக்கிறது. எரிமலைப் பாறைமேல் 5 கோடி ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்பு சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான தடிப்புள்ள மேடையாகியிருக்கிறது. மேடையின் மேல்தளத்தில் வெயில் படும். அங்கே பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சிப்பியும் வளர்கின்றன. கிளிமீன் பவளத்தைக் கொறித்து வெண்மணலாக வெளியேற்றுகிறது. அலையும் புயலும் அந்த மணலை விளிம்புக்குத் தள்ளிச் சரிவில் இறக்குகின்றன. பருமணல் மேலேயே அதிகச் சாய்வோடு தங்கும். சில இடங்களில் சரிவு 30 பாகையையும் தாண்டும். நுண்சேறோ வெகுதூரம் மிதந்து போய்ச் சாய்வு குறைந்த அடிவாரத்தில் அமரும். களத்தில் குவித்த நெல்லைப் போல, பாரம் மிஞ்சினால் சரிவு குலைந்து ஓடும். கலங்கல் ஆழத்தில் பரவி அடங்கும்போது பருமணி முதலில் படியும், அதன்மேல் நுண்துகள் போர்த்தும். எத்தனை முறை நடந்தாலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான்!

கடல் ஏறி இறங்குவதும் அந்தச் சரிவில் பதிவாகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. மேடை வறண்டு நின்றதால் சரிவுக்கு வரும் மணல் வெகுவாகக் குறைந்தது. தண்ணீர் மறுபடி ஏறி மேடையை மூடியதும் உயிர்கள் பெருகின, சரிவும் மீண்டும் வளர்ந்தது.

என்னை உண்மையில் கைகூப்ப வைப்பது வேறொன்று. 2015இல் ஜோய்டெஸ் ரெசொலூஷன் என்ற ஆய்வுக்கப்பல் மாலைதீவுக் கடலடியைத் துளைத்தது. ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே படிவுகள் திடீரென வேறுவிதமாகக் குவியத் தொடங்கியிருந்தன. பருவக்காற்று கிளப்பிய நீரோட்டம் சேற்றை வாரி வேறிடத்தில் சேர்த்திருந்தது. நம் சபரகமுவ மலைகளில் வைகாசி, ஆனி மாதங்களில் மழையைக் கொட்டும் அதே தென்மேல் பருவக்காற்று வலுப்பெற்ற கணக்கு, வெள்ளைச் சேற்றில் எழுதப்பட்டிருக்கிறது!

நம் மலையில் வீசிய டொலமைட்டில் கல்சியத்தோடு மக்னீசியமும் இருக்கிறது. தூள் மெல்லக் கரையும்போது தேயிலையின் வேர் அந்த மக்னீசியத்தை உறிஞ்சிக்கொள்ளும். இலைக்குப் பச்சை தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுவில் ஒரு மக்னீசிய அணு உண்டு. கவ்வாத்து வெட்டிய கிளையில் சில வாரங்களில் துளிர்க்கும் கொழுந்தில், பவளத்துக்கும் மூத்த அந்தக் கடலின் மக்னீசியமும் கலந்திருக்கும்.