விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர் சென்னையா, கொழும்பா? தெரியுமா?

பஸ் டிக்கெட்டை மறந்துவிட்டு, பறவை பறக்கும் நேர்க்கோட்டில் தூரத்தை அளந்து பாருங்கள். தலை சுற்றும்!

சென்னையைவிடக் கொழும்புதான் கிட்டக்க... தெரியுமா?
விளாத்திகுளத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 490 கி.மீ. கொழும்போ சுமார் 300 கி.மீ.தான்! மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. நம்ம ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டது சும்மா இல்லை!

சிங்கப்பூரும் துபாயும் நமக்குச் சம தூரம்... தெரியுமா?
கிழக்கே சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. மேற்கே துபாயும் சுமார் 3,000 கி.மீ! மூத்தவன் அங்கே, இளையவன் இங்கே என்று பிள்ளைகளை அனுப்பியவர்கள் "யார் தூரத்தில் இருக்கிறான்?" என்று இனி குழம்பவே வேண்டாம். இரண்டுக்கும் நாலு மணி நேரப் பறத்தல்தான்.

போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி... எப்படித் தெரியுமா?
மதுரையில் இரவு 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை 4.30! அங்கே இரவு 10 மணிக்கு ஏறினால், இங்கே அதே இரவு 11.30-க்கே இறங்கிவிடலாம். பறந்தது இரண்டு முறையும் நாலு மணி நேரம்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் வந்த வினை!

ஆடியில் கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று... தெரியுமா?
கரிசல் புழுதியை வாரிக் கண்ணில் அடிக்கும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதே நேரத்தில், தலைக்கு மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் இன்னொரு காற்று சீறுகிறது! 1958-இல் இதை உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். இதன் வீச்சு விமானம் பறக்கும் உயரத்திலும் உண்டு. துபாய் போகிறவரை முதுகில் தள்ளிவிடும். சிங்கப்பூர் போகிறவரை மல்லுக்கட்ட வைக்கும்!

உலகிலேயே நீளமானதும் குட்டையானதும்... தெரியுமா?
சிங்கப்பூர் - நியூயார்க் விமானம் 15,300 கி.மீ.க்கு மேல் இறங்காமல் பறக்கிறது. 18 மணி நேரத்துக்கும் மேல்! ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே - பாப்பா வெஸ்ட்ரே விமானத்துக்கோ 2.7 கி.மீ.தான். இரண்டே நிமிடம். பெல்ட்டைப் போட்ட கையோடு கழற்ற வேண்டியதுதான்!

வாகைக்குளம் ஓடுதளம் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டது... தெரியுமா?
வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் முன்பு 1,350 மீட்டர் ஓடுதளம்தான்; சின்ன விமானம் மட்டுமே இறங்கும். இப்போது 3,115 மீட்டர்! பெரிய ஜெட்டும் இறங்கலாம். புது முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று.

டிக்கெட் இல்லாமல் வரும் பயணி... தெரியுமா?
கருந்தலை, கருஞ்சிறகு, நடுவே ரோஸ் நிற உடம்பு. கம்மங்காட்டில் கூட்டமாக இறங்கி, ஒரு சத்தம் கேட்டால் மொத்தமாகக் கிளம்பி வளைந்து திரும்புமே, அந்தச் சூறைக்குருவி மத்திய ஆசியாவில் பிறந்தது! அங்கே உள்ள கஜகஸ்தானின் அல்மாட்டி நகரம் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 3,800 கி.மீ. சிங்கப்பூரைவிடத் தூரம்! எடையோ நூறு கிராம்கூடத் தேறாது. சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியைத் தின்று பயிரைக் காப்பதால், இதற்கென்றே கூடு கட்டிக்கொடுத்து வரவேற்கிறார்கள். இத்தனை தூரம் பறந்து நம்ம காட்டுக்கு வந்தால்? தகரத்தைத் தட்டி விரட்டுகிறோம்!