ஈ.சி.ஆர். ட்ரிப்: பாண்டிச்சேரியோட திரும்பிடாதீங்க

வீக்கெண்ட்ல பாண்டிச்சேரி போனா பர்ஸைக் காலி பண்றது பெட்ரோல் இல்லை, ரூம் வாடகை. அதனால இன்னும் கொஞ்சம் தெற்கே போங்க. சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம், அலையாத்திக் காட்டுக்குள்ள படகு. அதைத் தாண்டினா தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. சாயங்காலம் கரையில சும்மா உட்கார காசு வேண்டாம்!

சென்னையிலிருந்து போய்வர சுமார் 600 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தர்ற காருக்கு 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா 4,000. நாலு பேர்னா தலைக்கு ஆயிரம். டேங்க்கை பாண்டிச்சேரியில நிரப்புங்க, அங்கே வரி கம்மி.

ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இப்பவே மாசாமாசம் தனியா எடுத்து வைங்க. கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு இஎம்ஐ-யா மாத்தினா வட்டி, ப்ராசஸிங் ஃபீ, அதுக்கு மேல ஜிஎஸ்டியும் சேரும்.