தோற்ற பிறகும் ஓர் ஆட்டம்

ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடவேளை. கரும்பலகையில் 32 என்று எழுதிவிட்டு, "ஒற்றையர் போட்டியில் 32 பேர் விளையாடுகிறார்கள். தோற்றவர் வெளியேற வேண்டும். ஒருவர் கோப்பையை வெல்லும்வரை மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்?" என்று கேட்டேன். பலரும் 16, 8, 4, 2, 1 என எழுதிக் கூட்டத் தொடங்கினர். கடைசி வரிசை மாணவி ஒருத்தி பேனாவைத் தொடாமலே, "31 ங்க மிஸ்" என்றாள்.

"எப்படி?"

"ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் தோக்கறாங்க. ஜெயிக்கிற ஒருத்தரத் தவிர மீதி 31 பேரும் தோத்தாகணுமில்லைங்க."

வகுப்பே கைதட்டியது. அவள் உட்காரவில்லை. "அந்த 31 பேரும் அப்புறம் என்னங்க மிஸ் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு பகிர்கிறேன்.

சென்னையில் நடந்த போட்டி

2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 'சென்னை ஓப்பன்' மகளிர் டென்னிஸ் போட்டி நடைபெற்றது. மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் 250 தரநிலைப் போட்டி அது. ஒற்றையர் பிரிவின் பிரதானச் சுற்றில் 32 வீராங்கனைகள், ஐந்து சுற்றுகள், 31 ஆட்டங்கள். நான் கரும்பலகையில் எழுதிய அதே கணக்கு.

இறுதி ஆட்டத்தில் செக் குடியரசின் லிண்டா ஃப்ருவிர்டோவாவும் போலந்தின் மக்தா லினெட்டும் மோதினர். லிண்டாவுக்கு வயது 17, நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் வயது. லினெட்டுக்கு 30. லிண்டா 4-6, 6-3, 6-4 என்ற கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றார்.

இந்த எண்களை மாணவர்களுக்கு விளக்குவது எளிது. 15, 30, 40 என்று ஏறும் புள்ளிகளில் முந்தினால் ஒரு கேம். இரண்டு கேம் வித்தியாசத்துடன் ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். 6-6 என்று சமமானால் டை-பிரேக். மகளிர் ஒற்றையரில் மூன்று செட்டுகளில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பீஸ் ரேட் கணக்கு நன்றாகத் தெரியும். காலையில் பீஸ் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளத்திலும் அது குறைந்தே நிற்கும். டென்னிஸ் கணக்கு வேறு. செட்டை இழந்தாலும் அடுத்த செட் 0-0 என்றே தொடங்கும். லிண்டா முதல் செட்டை இழந்தார். மூன்றாவது செட்டிலும் 1-4 எனப் பின்தங்கினார். அதன்பின் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்றார்.

தோற்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

மாணவியின் கேள்விக்கு வருவோம். 2022இல் நடைமுறையிலிருந்த விதிப்படி, 250 தரநிலைப் போட்டியில் வெற்றியாளருக்கு 280 தரவரிசைப் புள்ளிகள். இறுதியில் தோற்றவருக்கு 180, அரையிறுதியில் தோற்றவருக்கு 110, காலிறுதியில் 60, இரண்டாம் சுற்றில் 30. முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் 1 புள்ளி உண்டு. பரிசுத் தொகையில் ஒரு பங்கும் உண்டு. இந்தியாவின் கர்மன் கவுர் தாண்டி முதல் சுற்றில் வென்று இரண்டாம் சுற்றில் தோற்றார். அங்கிதா ரெய்னா முதல் சுற்றிலேயே தோற்றார். இருவருமே வெறுங்கையுடன் திரும்பவில்லை. அந்தப் புள்ளிகளைக் கொண்டு அடுத்தடுத்த போட்டிகளில் இடம் கேட்கலாம்.

சென்னையில் கோப்பையைத் தவறவிட்ட லினெட் என்ன ஆனார்? நான்கு மாதங்களில், 2023 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிவரை முன்னேறினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அதற்கு முன் அவர் அவ்வளவு தூரம் சென்றதில்லை. நாக் அவுட் அட்டவணையை மட்டும் பார்த்தால் அவர் வெளியேற்றப்பட்டவர். ஆண்டு முழுவதையும் பார்த்தால் வளர்ந்துகொண்டிருந்தவர்.

உள்ளே நுழையவும் ஒரே வாசல் இல்லை. தரவரிசை உள்ளவர்கள் நேரடியாக வருவார்கள். இல்லாதவர்கள் தகுதிச் சுற்றில் வென்று வரலாம். 'வைல்டு கார்டு' என்ற சிறப்பு அனுமதியைப் போட்டி நடத்துபவர்கள் சிலருக்கு வழங்கலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ரேவதி, 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை வந்தபோது அவருக்கு வயது 15.

அவருக்கு முன்பே கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் முதல் சுற்றை வென்றார். நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்று ஆட்டமொன்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அப்போது திருப்பூரும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. "நம்ம மாவட்டத்துக்காரங்களாங்க மிஸ்?" என்று வகுப்பில் ஒருவன் வியந்தான்.

நம் மைதானத்தில்

இனி நம் பள்ளிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி வளையப்பந்து ஒற்றையரில் குறுமையப் போட்டிக்குச் சென்றாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். காலையில் போய் மதியம் திரும்பிவிட்டாள். அதன்பின் அவள் மைதானத்துக்கு வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிட்டாள். அந்தத் தோல்விதான் காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டுச் சூழல் எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்வில் அவளுக்குக் கிடைக்க வேண்டிய விளையாட்டு, இருபது நிமிட ஆட்டம் ஒன்றோடு முடிந்துபோனது. அதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

குறுமையப் போட்டியின் விதியை நாம் மாற்ற முடியாது. பள்ளிக்குள் நடத்தும் போட்டியை மாற்றலாம். உடற்கல்வி ஆசிரியருடன் சேர்ந்து நாங்கள் செய்துபார்த்த முறை இது. டென்னிஸ் களம் இல்லாவிட்டால் என்ன, ஒரு வளையமும் வலையும் போதும்.

முதலாவது, ஆறுதல் சுற்று. எட்டு மாணவியர் என்றால் நாக் அவுட்டில் 7 ஆட்டங்கள். அதில் நான்கு பேருக்கு ஒரே ஆட்டத்தோடு முடிந்துவிடும். அந்த நால்வருக்கும் தனியாக ஒரு நாக் அவுட் வைத்தால் கூடுதலாக 3 ஆட்டங்கள்தான். மொத்தம் 10. எல்லோருக்கும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் கிடைத்துவிடும். லீக் முறையில் நடத்தினால் 28 ஆட்டங்கள் வேண்டும். பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளுக்கு அத்தனை மாலைகள் இல்லை.

இரண்டாவது, புள்ளிப் பலகை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு போட்டி. முதல் சுற்றில் தோற்றவருக்கும் 1 புள்ளி. ஆண்டு இறுதியில் கூட்டிப் பார்த்துத் தரவரிசை.

மூன்றாவது, ஒரு வைல்டு கார்டு. அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தேர்வுக்கு வர முடியாத மாணவிக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

கணக்குப் பாடமும் உடன் வரும். 11 பேர் என்றால் அடுத்த இரண்டின் அடுக்கு 16. எனவே 5 பேருக்கு 'பை'. முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள், இரண்டாம் சுற்றில் எட்டுப் பேர். அடுக்குகளை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை.

எங்கள் பள்ளியில் இப்போது அட்டவணை போடுவது அந்தக் கடைசி வரிசை மாணவிதான். சென்ற பருவத்தில் அவள் முதல் சுற்றில் தோற்றாள். பலகைக்குச் சென்று தன் பெயருக்கு நேரே 1 என்று தானே எழுதினாள். பிறகு, "மிஸ், ஆறுதல் சுற்று நாளைக்கு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டாள்.