குடல் நோயும் எலும்புப் புரையும்



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் கடைத்தெருவே சாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த இவ்வங்காடியில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். விடிந்தது முதல் இரவு வரை கடையின் நிழலிலேயே அமர்ந்திருப்பவர் பலர். அவர்களுள் ஒருவருக்கு நாட்பட்ட குடல் அழற்சி நோய் வருமாயின், குடலோடு எலும்பையும் காத்தல் வேண்டும். நான் மருத்துவன் அல்லேன், மொழிபெயர்ப்பாளன். மருத்துவ நூல்கள் கூறுவதைத் தமிழில் எடுத்துரைப்பதே இன்று என் பணி.

இந்நோய் இரு வகைப்படும். பெருங்குடலில் புண் உண்டாக்குவது ஒன்று. அமெரிக்க மருத்துவர் க்ரோனும் அவருடைய தோழர்களும் 1932-இல் விளக்கியுரைத்த க்ரோன் நோய் மற்றொன்று. மாதக் கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை இவற்றின் குறிகள்.

குடல் நோய் எலும்பைத் தாக்குவது எங்ஙனம்? காரணங்கள் மூன்று. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் வைட்டமின் டி-யையும் சிறுகுடலே உறிஞ்சித் தருகிறது. அது புண்பட்டால் வரவு குறையும். அழற்சியால் இரத்தத்தில் பெருகும் பொருள்கள், எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை முடுக்கிவிடும், செலவு மிகும். மூன்றாவது, மருந்து. கார்ட்டிசோன் பெருங்குடல் நோயைத் தணிக்கும் என்பதை ட்ரூலவ், விட்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர்கள் 1955-இல் மெய்ப்பித்தனர். அம்மருந்தும் அதன் இனமான ஸ்டீராய்டு மாத்திரைகளும் உயிர் காப்பன. எனினும், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் எலும்பை மெலிவிக்கக் கூடியன.

இங்கே ஒரு சொல் மயக்கத்தை நீக்க வேண்டும். மூட்டுவலியையே நாம் 'எலும்புத் தேய்மானம்' என்கிறோம். எலும்புப் புரை அதனின் வேறானது. எலும்பு முறியும் வரை அது வலியே காட்டாது. 'வலியில்லை, ஆகவே குறையில்லை' என்று இருந்துவிடலாகாது.

அதற்காக அஞ்சி, ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் பெருந்தவறு. உடலில் இயல்பாகச் சுரக்கும் அதே வகைச் சுரப்பு ஒடுங்கியிருக்குமாதலின், திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். பழைய சீட்டைக் காட்டி மாத்திரையை மீண்டும் மீண்டும் வாங்கி உண்பதும் தீது. குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் சொற்படியே ஆகுக.

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பால் ஒவ்வாதோர்க்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளலாம். முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நன்று. குடல் சுருங்கியுள்ளவர்கள் மட்டும், நார்ப்பொருள் மிக்க உணவுகளை மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். புகை பிடித்தல் க்ரோன் நோய்க்கும் எலும்புக்கும் ஒருங்கே கேடு.

கேரளத்தில் வாழும் நம்மவர்க்கு இறுதியாக ஒரு சொல். மலையாளத்தில் 'எள்ளு' என்றால் நம் எள். 'எல்லு' என்றால் எலும்பு. அடுத்த முறை குடல் நோய்க்காக மருத்துவரிடம் செல்லும்போது, "என் எல்லின் அடர்த்தியை அளந்து பார்க்க வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிவது, வலியற்றது. உரிய காலத்தில் கேட்கும் அவ்வொரு வினா, முதுமையில் இடுப்பெலும்பு முறியாமல் காக்கக் கூடும்.