இரசாயனப் பட்டம்: மூன்றாம் ஆண்டில் எந்தப் பாடம் எடுப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்திற்கு மனுச் செய்து இரசாயனம் கிடைத்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகம் கொடுத்த பாடங்களைப் படித்து விடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும்தான் திகைப்பு. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் வீட்டில் கேட்க ஆளில்லை. கூட்டாளி எடுத்ததையே தானும் எடுப்பது, சுலபமாக 'ஏ' கிடைக்கும் என்று சீனியர் சொன்னதை எடுப்பது என்று காரியம் முடிந்து விடுகிறது.

இதில் ஒரு சட்டம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. 1975-ஆம் ஆண்டு இரசாயனவியலாளர் சட்டப்படி, இந்நாட்டில் இரசாயனவியலாளராகத் தொழில் செய்ய மலேசிய இரசாயனக் கழகத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் பொதுவாக 3 ஆண்டு பணி அனுபவமும் தேவை. ஆய்வறிக்கையில் கையெழுத்திடும் தகுதி அதற்குப் பிறகே. ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் 'என் பட்டம் அங்கீகாரம் பெற்றதா?' என்று துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள். (இரசாயனப் பொறியியல் வேறு. செரி இஸ்கண்டார் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் அதைப் படிப்பவர்கள் பதிவு பெறும் வாரியமும் வேறு. பெற்றோர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொள்கிறார்கள்.)

கரிமம், கனிமம், பௌதிகம், பகுப்பாய்வு ஆகிய நான்கும் இத்துறையின் தூண்கள். கணிதத்திற்குப் பயந்து பௌதிக இரசாயனத்தை ஒதுக்குபவர்களே அதிகம். என் கருத்தில் அது தவறு. ஆய்வுக்கருவி காட்டும் எண்ணை நம்பலாமா என்று சொல்லித் தருவது அந்தப் பாடம்தான்.

வேலையைப் பொறுத்தவரை நான் முதலில் சொல்வது பகுப்பாய்வு இரசாயனம். காரணம் நம் பேராக்கிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் பால் ஸ்டோரில் பாலை அளந்து, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் சம்பளம் போட்டார்கள். அதுவும் பகுப்பாய்வுதான்! ரப்பர் சீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த நிலையும் மாறியது. 1965-இல் எஸ்.எம்.ஆர். தரமுறை வந்த பிறகு, தூசு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொன்னது. இன்று அதே நிலத்தில் செம்பனை. கச்சா எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் 5 விழுக்காட்டிற்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான ஒப்பந்த வரம்பு. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல், சிமெண்டு, கமுண்டிங் பக்கம் கையுறை, எல்லாவற்றிற்கும் சோதனை வேண்டும்.

புக்கிட் மேராவை நினைத்துப் பாருங்கள். ஈய லம்பக் கழிவில் கிடைத்த மோனசைட் மணலிலிருந்து அரிய மண் தாதுக்களைப் பிரித்த ஆலை 1982-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. மிஞ்சியது கதிரியக்கமுள்ள தோரியக் கழிவு. மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவிலிருந்து கதிர் எவ்வளவு வருகிறது என்று அளந்து சாட்சி சொல்ல வெளிநாட்டு நிபுணர்கள் வர வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் இரசாயனமும் அணு இரசாயனமும் விருப்பப் பாடப் பட்டியலில் இருந்தால், 'இதற்கு வேலை ஏது?' என்று தள்ளி விடாதீர்கள்.

தேர்ந்தெடுக்கும்போது பாடத்தின் பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். எந்தக் கருவியை நம் கையால் இயக்க விடுவார்கள் என்று விரிவுரையாளரிடம் விசாரியுங்கள். குரோமட்டோகிராஃபி கருவியைத் தூரத்தில் நின்று பார்த்தவருக்கும், அதில் ஐம்பது மாதிரிகளை ஓட்டியவருக்கும் நேர்முகத் தேர்வில் வித்தியாசம் தெரிந்து விடும். தொழிற்பயிற்சிக்கும் இறுதி ஆண்டு ஆய்வுக்கும் தொடர்புடைய பாடமாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைக்கு, பயிற்சி தேட ஈப்போ பக்கத்தில்தான் இருக்கிறது. விடுமுறையில் வீட்டிற்கு வரும்போதே நேரில் போய்க் கேட்டு வரலாம். கடிதம் போட்டு விட்டுக் காத்திருக்க வேண்டாம்.